கரண்ட் போன அந்த அரை மணி நேரம்

கேள்வி: எனக்கு 47 வயது. ஈரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கணவர் லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறார். ஒரே மகள், கோவையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள். மாமியார் எங்களோடு இருக்கிறார். பல வருஷம் பாடுபட்டுச் சொந்த வீடு கட்டி, போன வருஷம் குடிவந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் எதிலும் ருசி இல்லாமல் போய்விட்டது. திங்கள் எப்படியோ அப்படியே செவ்வாய், அப்படியே புதன். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் ராத்திரி பத்தரைக்குத்தான் அடுப்படி விளக்கை அணைக்கிறேன். அப்புறம் படுத்துக்கொண்டு போனில் ரீல்ஸ் பார்ப்பேன், மணி பன்னிரண்டு ஆகிவிடும். வாடகை வீட்டில் இருந்தபோது தினமும் புள்ளிக் கோலம் போடுவேன். இங்கே டைல்ஸ் வாசல், ஸ்டிக்கர் கோலம் ஒட்டியாகிவிட்டது.

யாரிடம் சொன்னாலும் ‘சின்னச் சின்ன விஷயத்தில் சந்தோஷப்படக் கத்துக்கோ’ என்கிறார்கள். சூரிய உதயத்தைப் பார், டீயை ரசித்துக் குடி என்கிறார்கள். சூரியன் உதிக்கும்போது நான் குக்கர் முன்னால் நிற்கிறேன். டீயை நின்றுகொண்டேதான் குடிக்கிறேன். போன மாதம் ஒரு நாள் மதியம் கடையில் கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் ஓடாததால் எல்லாரும் வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். பார்சல் கட்டுகிற பையன் வறுகடலை வாங்கி வந்தான். அரை மணி நேரம் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது மனசு நன்றாக இருந்தது. சமீபத்தில் நன்றாக இருந்த நாள் என்று யோசித்தால் அது ஒன்றுதான் வருகிறது.

உண்மையைச் சொல்லுங்கள். சின்ன விஷயங்களால் வாழ்க்கை மாறுமா, இல்லை பெரிதாக ஒன்றும் அமையாதவர்களைச் சமாதானப்படுத்துகிற பேச்சா? மகளிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்றும் சொல்லுங்கள்.

– ஈரோடு வாசகி

மனநல ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் நேராகக் கேட்டதால் நானும் நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சொல்லப்பட்ட விதத்தில் அது பெரும்பாலும் சமாதானப் பேச்சுதான். ‘ரசி’ என்று சொல்வதும் தூக்கம் வராதவரிடம் ‘தூங்கு’ என்று சொல்வதும் ஒன்றுதான். சொன்னவருக்குக் கடமை முடிந்தது. கேட்டவருக்கு, இதுகூட நம்மால் முடியவில்லையே என்று கூடுதலாக ஒரு பாரம். நாள் முழுக்கக் கடை வேலையும், அதற்கு முன்னும் பின்னும் வீட்டு வேலையும் பார்க்கிற பெண்ணிடம் சூரிய உதயத்தைப் பார்க்கச் சொல்கிறவர், அந்த நேரத்துக்குக் குக்கரை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்காகச் சின்ன விஷயங்களால் பலனே இல்லை என்று சொல்லமாட்டேன். என் தொழிலில் அதற்கு உறுதியான ஆதாரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் உங்கள் கடிதத்திலேயே ஒன்று இருக்கிறது. கரண்ட் போன மதியத்தைப் பற்றி ஏழெட்டு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் உயிருள்ள இடம் அதுதான். வீடு கட்டியதைப் பற்றிக்கூட நீங்கள் அப்படி எழுதவில்லை. அதனால் அந்த அரை மணி நேரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், வேலை நின்றது. ஆனால் நீங்கள் நிறுத்தவில்லை. கரண்ட் போனதற்கு யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. ‘ஓய்வு எடுத்தால் யார் என்ன நினைப்பார்களோ’ என்ற உறுத்தல் இல்லாத ஓய்வு. உங்களுக்குக் கடைசியாக அப்படி ஒன்று எப்போது கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் நீங்கள் உட்கார்ந்தால்கூட காது அடுப்படியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து, கையில் கடலை இருந்தது. இது அற்பமாகத் தெரியலாம். தோலை நசுக்கி, ஊதி, வாயில் போட்டு, அடுத்ததை எடுத்துக்கொண்டே பேசுகிறபோது பேச்சுக்கு அவசரம் இருக்காது. யார் முகத்தையும் நேருக்கு நேர் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. பேச்சு நின்றுபோனாலும் சங்கடம் கிடையாது, அதுதான் கடலை இருக்கிறதே. கூச்ச சுபாவம் உள்ளவர்களும் வாய் திறப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். திருவிழாத் திடலிலும் பஸ் ஸ்டாண்டிலும் நம் ஜனங்கள் பொட்டலம் பிரித்துக்கொண்டு பேசுவது வெறும் பசிக்காக மட்டும் இல்லை.

அப்புறம், மனிதர்கள் இருந்தார்கள். தினமும் பார்க்கிற அதே மனிதர்கள்தான். ஆனால் பில், சரக்கு, பாக்கி இல்லாமல் பார்த்தீர்கள். கடைசியாக இன்னொன்று: அன்றைக்கு நீங்கள் யாருமே சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று முயற்சி செய்யவில்லை.

இதில் எதற்கும் செலவு இல்லை. ஆனாலும் ஒரு வருஷத்தில் புது வீடு தராத ஒன்றை அந்தப் படிக்கட்டு தந்துவிட்டது. இதைக் கேட்டுச் சங்கடப்படாதீர்கள், வீடு கட்டியது வீண் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்ற பயமில்லாமல் தூங்குவது பெரிய நிம்மதி. மனித மனசுக்கு எதுவும் பழகிப்போகிறது, அவ்வளவுதான். 1978-இல் பிலிப் பிரிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் இல்லினாய் மாநில லாட்டரியில் பெரும் பணம் விழுந்த 22 பேரிடம் பேசினார்கள். பரிசு விழாத மற்றவர்களைவிட இவர்கள் அப்படியொன்றும் அதிக மகிழ்ச்சியில் இல்லை. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு. காலை உணவு சாப்பிடுவது, நண்பரோடு பேசுவது, ஒரு நகைச்சுவையைக் கேட்டுச் சிரிப்பது, டிவி பார்ப்பது என்று தினசரி விஷயங்களைப் பட்டியலிட்டு, இவை எவ்வளவு இன்பம் தருகின்றன என்று கேட்டபோது, பரிசு விழுந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மதிப்பெண் போட்டார்கள். 22 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், அதை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுதிவிட முடியாது. ஆனால் பல வருஷம் ஒரே இலக்கைப் பார்த்து ஓடியவர்கள், அது கைக்கு வந்த பிறகு என்னிடம் வந்து ‘இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை’ என்று சொல்வதை நான் அடிக்கடி கேட்கிறேன். வீடு கட்டி முடிக்கும்வரை ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று நகர்ந்தது: அஸ்திவாரம், தளம், பூச்சு, கதவு. குடிவந்த பிறகு நகர்வதற்கு ஒன்றும் இல்லை.

சரி, ஒரு விஷயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். எதிலும் ருசி இல்லை என்பது சலிப்பாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருப்பது அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டமே இல்லாமல் இருப்பது. அதோடு தூக்கம் கெடுவது, பசி குறைவது அல்லது கூடுவது, ஓயாத அசதி, கவனம் நிற்காமல் போவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு, செத்துப்போனால் என்ன என்ற எண்ணம். இவற்றில் பலவும் சேர்ந்து இருந்தால் அதற்குப் பெயர் மனச்சோர்வு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு, மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்கினால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். சாகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த பத்தியைக்கூடப் படிக்க வேண்டாம், அந்த எண்ணை அழையுங்கள்.

உங்கள் வயதைப் பார்க்கும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. மாதவிலக்கு நிற்கிற காலத்தை ஒட்டி மனநிலை தடுமாறுவது சாதாரணம். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே அசதியும் பற்றில்லாத நிலையும் வரும். ஒரு காலைப் பொழுதில் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டால் தெரிந்துவிடும். ஹீமோகுளோபின் தரைமட்டத்தில் இருக்கிற ஒருவருக்கு வாழ்க்கையை ரசிப்பது பற்றி நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தால் அது பாவம்.

அதெல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

நாம் வழக்கமாக எப்படி நினைக்கிறோம்? முதலில் மனசு சரியாக வேண்டும், அப்புறம் வெளியே போகலாம், கோலம் போடலாம், தோழியைக் கூப்பிடலாம் என்று. மனசு சரியாகும்வரை எதையும் செய்வதில்லை, எதையும் செய்யாததால் மனசு சரியாவதில்லை. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளர் 1970-களில் இந்த முடிச்சைத்தான் ஆராய்ந்தார். இன்பம் தரக்கூடிய 320 செயல்களை அவரும் சக ஆய்வாளரும் பட்டியலாகவே போட்டார்கள். அதில் மனநிலையோடு நெருக்கமாக ஒட்டிவந்தவை ஆடம்பரமானவை அல்ல. நிம்மதியாகத் தூங்குவது, நண்பர்களோடு இருப்பது, நாம் சொல்வதை மற்றவர் ஆர்வமாகக் கேட்பது, இந்த மாதிரிதான். மனசு வரட்டும் என்று காத்திருக்காமல், நாளும் நேரமும் குறித்துச் சின்னச் செயலைச் செய். மனசு பின்னால் வரும். இந்த அடிப்படையில் வளர்ந்த சிகிச்சை முறை இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிறது.

நம் நாட்டிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். கோவாவில் ‘சங்கத்’ என்ற அமைப்பு, விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரின் குழுவோடு, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடுமையான மனச்சோர்வுள்ள நோயாளிகளிடம் இதைச் செய்துபார்த்தது. ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்கள் இல்லை. இதற்காகப் பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் ஆட்கள். ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். என்ன செய்வதை விட்டுவிட்டீர்கள், அதில் எதை இந்த வாரம் மறுபடி தொடங்கலாம் என்பதுதான் பேச்சின் மையம். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட, இதுவும் சேர்ந்து கிடைத்தவர்களில் அதிகம் பேர் மூன்று மாதத்தில் தேறியிருந்தார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: செய்தால் மாறும். நினைத்து உருகுவதால் மாறாது.

ஆனால் எதைச் செய்வது, எப்போது செய்வது? உங்கள் நாளில் இடம் எங்கே இருக்கிறது? இங்கேதான் எனக்கும் இந்த ‘சின்ன விஷயம்’ எழுதுகிறவர்களுக்கும் சண்டை. மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம். அதிலும் ஆண்களில் நாலில் ஒருவர்தான் வீட்டு வேலையே செய்கிறார். இந்தக் கணக்கைத் தொடாமல் உங்களிடம் இன்னும் ஒரு காரியத்தை, அது இன்பமான காரியமாகவே இருந்தாலும், சுமத்தினால் அது இன்னொரு வேலையாகத்தான் முடியும்.

அதனால் முதல் சின்னச் செயல் உங்களுடையதாக இருக்க வேண்டாம், உங்கள் கணவருடையதாக இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரம் அவர் பொறுப்பு. ‘உதவி’ என்று கேட்காதீர்கள். உதவி என்றால் நாலு நாளில் நின்றுவிடும். ‘இனிமேல் ராத்திரிப் பாத்திரம் உங்களுது’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் நல்ல மூடில் இருக்கும்போது சொல்லுங்கள். முதல் வாரம் குழம்புச் சட்டியின் அடியில் எண்ணெய் நிற்கும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருங்கள், எடுத்து மறுபடி தேய்த்துவிட்டால் அந்த வேலை உங்களிடமே திரும்பிவிடும். உங்கள் மாமியார் உட்கார்ந்த இடத்தில் காய் நறுக்கித் தரக்கூடியவராக இருந்தால் அதையும் கேளுங்கள். வயதானவர்களுக்கு வேலை கொடுப்பது தப்பு என்று நாம் நினைக்கிறோம். பல பாட்டிகளுக்கு உண்மையான மனக்குறை, தன்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை என்பதுதான்.

இப்படிக் கிடைக்கிற அரை மணியைத்தான் நீங்கள் செலவு செய்யப் போகிறீர்கள். ரீல்ஸ் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நாள் முழுக்க மற்றவர்களுக்கு ஓடியவருக்கு ராத்திரி பதினொரு மணிதான் தன் சொந்த நேரம், அதனால்தான் தூங்க மனசு வருவதில்லை. சொந்த நேரம் முன்னாலேயே கிடைத்துவிட்டால் போன் தானாகச் சீக்கிரம் கீழே போகும். போகாவிட்டால் அதைச் சார்ஜ் போடுகிற இடத்தை ஹாலுக்கு மாற்றுங்கள். அது போதும்.

கோலத்துக்கு வருகிறேன். தினமும் கோலம் போட்ட காலத்தில் அது உங்களுக்குச் சந்தோஷமாக இருந்ததா, கடமையாக இருந்ததா? இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். இப்போது கடமை போய்விட்டது, ஸ்டிக்கர் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஸ்டிக்கர் இருக்கட்டும், வாரத்தில் ஒரு நாள் மட்டும், உங்களுக்குத் தோன்றுகிற நாளில், உங்களுக்குப் பிடித்த கோலத்தைப் போடுங்கள். டைல்ஸில் மாவு நிற்காது, காற்றில் போய்விடும். கேட்டுக்கு வெளியே சிமெண்ட் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரம் சற்று இழுத்த பிறகு போடுங்கள். ‘பழையபடி தினமும் போட்டால் என்ன’ என்று வீட்டில் யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள்.

வாரத்தில் ஒரு நாள், அதுவும் உங்கள் இஷ்டம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1976-இல் எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை நீங்களே அடுக்கலாம், சினிமா பார்க்கும் நாளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், பிடித்த செடியை எடுத்து நீங்களே வளர்க்கலாம் என்றார்கள். இன்னொரு மாடியில் எல்லாம் ஊழியர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி, செடியையும் கொடுத்து, அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை நர்சுகளிடம் விட்டார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்களின் முகமும் நடமாட்டமும் மாறிவிட்டன. இரண்டு மாடியிலும் செடி இருந்தது. எடுத்தது யார், தண்ணீர் ஊற்றியது யார் என்பதில்தான் வித்தியாசம். உங்கள் நாளில் நீங்களே தேர்ந்தெடுக்கிற காரியம் எத்தனை? சமையல்கூட அவருக்குப் பிடித்தது, மாமியாருக்கு ஒத்துக்கொள்வது என்றுதான் முடிவாகும். வாரத்தில் ஒரு வேளையாவது உங்களுக்குப் பிடித்ததைச் சமையுங்கள். இதைச் சொன்னால் பல பெண்கள் என்னிடம் ‘எனக்கு என்ன பிடிக்கும்னே மறந்துபோச்சு’ என்பார்கள். மறந்திருந்தால் அம்மா வீட்டுச் சமையலிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள்.

கோலத்தில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சிக்குக் கோலம் போடும்போது புள்ளி வரிசையைச் சுற்றி இழை போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வளைவில் நாளைய பாக்கிப் பட்டியலை நினைத்தால் இழை தப்பிவிடும். அதுவே மனசை இழுத்துப் பிடித்து வைக்கிறது. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரண்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2010-இல் 2,250 பேரிடம் செல்போன் வழியாக அவ்வப்போது, இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதி நேரம், மனசு செய்கிற காரியத்தில் இல்லை. மனசு வேறெங்கோ இருந்தபோது மகிழ்ச்சி குறைவாக இருந்தது. என்ன வேலை செய்கிறோம் என்பதைவிட, மனசு எங்கே இருக்கிறது என்பதே மகிழ்ச்சியைக் கூடுதலாகத் தீர்மானித்தது. எல்லா வேலையிலும் மனசை நிறுத்துவது ஞானிகளுக்கே கஷ்டம். ஒரு நாளில் ஒன்றே ஒன்றில் நிறுத்தினால் போதும். உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது காலை டீ. ரசித்துக் குடிக்க வேண்டாம். உட்கார்ந்து குடியுங்கள். டம்ளர் சுடுகிறதா, சர்க்கரை தூக்கலா என்று தெரிந்தால் போதும். ஐந்து நிமிடத்தில் வீடு இடிந்துவிடாது. போன் மட்டும் கையில் வேண்டாம்.

அடுத்து மனிதர்கள். கரண்ட் போக வேண்டும் என்று காத்திருக்க முடியாது. ஈரோடு மாதிரி ஊரில் கடைவீதி வழியாக வீட்டுக்குப் போகிற உங்களுக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. பூ வாங்குகிற வழக்கம் இருந்தால், ஒரே பூக்காரம்மாவிடம் வாங்குங்கள். பத்து நாளில் அவர் முழம் போடும்போது முழங்கையை நாலு விரல் தள்ளிப் பிடிப்பார், கேட்காமலே ஒரு துண்டு கிள்ளி மேலே வைப்பார். நீங்கள் இரண்டு நாள் வராவிட்டால் ‘எங்க கண்ணு, ஆளையே காணோம்’ என்பார். வீட்டில் நீங்கள் இல்லையென்றால் சாப்பாடு இல்லையே என்று தேடுவார்கள். இவர் உங்களையே தேடியிருக்கிறார். இந்த மாதிரி அரைகுறைப் பழக்கங்களின் மதிப்பை நாம் எப்போதும் குறைத்தே எடைபோடுகிறோம். சிகாகோவில் ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவர்களிடம் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவரோடு பேசினால் பயணம் கெட்டுவிடும் என்றுதான் பயணிகள் கணித்தார்கள். பேசிப் பார்க்கச் சொன்னபோது, பேசியவர்களின் பயணமே இனிமையாக இருந்தது. சிகாகோவிலேயே அப்படி. நம் டவுன் பஸ்ஸில் பேச்சுக்கொடுப்பதற்கு ஆய்வு தேவையே இல்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-இலிருந்து டிக்கெட்டும் இல்லை. வீட்டுக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்தாலும் காசு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

கடையிலும் ஒரு காரியம் செய்யலாம். சாயங்காலம் டீ வரும் நேரத்தில் பத்து நிமிடம் அந்தப் படியில் போய் உட்காருங்கள். நீங்கள் உட்கார்ந்தால் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். கடலைக்கு அந்தப் பையனிடம் நீங்கள் ஒரு நாள் காசு கொடுங்கள். முதலாளிக்குப் பிடிக்குமா என்று தெரியாது, பத்து நிமிடத்துக்குப் பொதுவாக ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தினமும் ராத்திரி டைரியில் மூன்று நல்ல விஷயம் எழுதுங்கள் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டால் இனிமேல் சொல்வார்கள். அது கெட்ட பழக்கம் இல்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர் நடத்திய ஒரு சோதனையில், நன்றிக்குரிய விஷயங்களை வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி செய்தால் அதுவும் வீட்டுப்பாடமாகிவிடுகிறது. ஆகவே நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். பாத்திரத்தை அவரிடம் ஒப்படைப்பதையும், உட்கார்ந்து டீ குடிப்பதையும் மட்டும் இந்த வாரம் செய்யுங்கள். கோலம், பூக்காரம்மா, படிக்கட்டு எல்லாம் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வரட்டும். எது உங்களுக்கு ஒட்டவில்லையோ அதை விட்டுவிடுங்கள். காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு மார்க் போட்டுக்கொண்டே வந்தால், எதற்குப் பலன் இருந்தது என்று ஒரு மாதத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கணக்கு உங்கள் தொழில்தானே. ஒரு மாதம் போயும் எல்லா நாளும் இரண்டு, மூன்று என்றே இருந்தால், மேலே சொன்ன மனநலப் பிரிவுக்கு அந்தக் காலண்டரையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அது ரொம்ப உபயோகப்படும்.

மகளிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சொல்லலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் போனில் கொட்ட வேண்டாம். பரீட்சை நேரத்தில் ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? ‘அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக மனசு சரியில்லை, அதற்கு இன்னின்னது செய்துகொண்டிருக்கிறேன்’ என்ற அளவில் சொல்லுங்கள். மறைத்தாலும் குரலில் தெரிந்துவிடும், பிள்ளைகள் தாங்களாகவே பெரிதாகக் கற்பனை செய்துகொள்வார்கள்.

அதைவிட முக்கியம், நீங்கள் தினமும் அவளோடு என்ன பேசுகிறீர்கள் என்பது. ‘சாப்பிட்டியா, காசு இருக்கா, எப்ப வர்ற’ இந்த மூன்று கேள்வியோடு பெரும்பாலான வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. அன்றைக்கு நடந்த நல்ல விஷயத்தை இன்னொருவரிடம் சொல்கிறபோது, அந்த நிகழ்ச்சி தந்ததற்கு மேலேயே மனநிலை உயர்கிறது என்று ஷெல்லி கேபிள் என்ற ஆய்வாளர் 2004-இல் காட்டினார். கேட்பவர் ‘சரி சரி’ என்று தள்ளிவிடாமல் ஆர்வமாகக் கேட்டால் பலன் இன்னும் அதிகம். அதனால் அடுத்த முறை பேசும்போது நீங்களே தொடங்குங்கள். கரண்ட் போன கதையை அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. அதையே முதலில் சொல்லுங்கள், யார் என்ன சொல்லிச் சிரித்தீர்கள் என்பதையும் விடாமல். அவளுடைய கேன்டீன் கதை, வார்டன் கதை ஒன்றாவது பதிலுக்கு வரும். வந்தால் அறிவுரை சொல்லாமல் முழுசாகக் கேளுங்கள்.